ஆர்க்காட்டு ரூபாயும் ஆம்பூர்க் கொலுசும்

கையில் வைத்துச் சுண்டிப் பார்க்கும் காசுக்கும் தமிழில் நாணயம் என்றுதான் பெயர். சொன்ன சொல் தவறாத மனிதனின் குணத்துக்கும் அதே பெயர்தான். "பணம் போனால் போகிறது, நாணயம் போகக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்லும்போது இரண்டு பொருளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. நம் பெண்களின் காலில் கிடக்கும் கொலுசு ஒரு காலத்தில் நாணயமாக இருந்தது. அந்த நாணயத்துக்கு நாணயம் இருந்தவரையில் கொலுசுக்கும் இருந்தது. நான் சொல்லப்போகும் கதை இவ்வளவுதான். ஆனால் இதற்குள் இரண்டு சாம்ராஜ்யங்களும், ஒரு பெரும் பஞ்சமும், பாலாற்றங்கரையின் காற்றும் அடங்கியிருக்கின்றன.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சொன்னவுடனே எல்லோருக்கும் தோலின் ஞாபகம்தான் வரும். ஆம்பூர் என்றால் கூடவே பிரியாணியும் வரும். வெள்ளிக்குப் பேர் போன ஊர் சேலமே தவிர, இந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் வெள்ளி ரூபாயின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவன் வேலூரிலிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஆர்க்காட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். கர்நாடக நவாபுகளின் தலைநகரம் அது. "ஆர்க்காட்டு ரூபாய்" என்ற வெள்ளிக் காசு அங்கேதான் பிறந்து, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போயிற்று.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் தோண்டி எடுத்த வெள்ளி சொற்பம். ஆர்க்காட்டு ரூபாயில் இருந்த வெள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமோ? மெக்ஸிகோவிலும், இன்று பொலிவியா என்று சொல்லப்படும் தேசத்தின் பொட்டோசி மலையிலும் வெட்டி எடுக்கப்பட்டு, ஸ்பானியக் காசாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் நம்மிடம் துணி வாங்குவதற்குக் கொண்டுவந்த பணம் அது. ஸ்பானிய ராஜாவின் முத்திரை போட்ட காசை நம் நெசவாளி வாங்குவானா? அதை உருக்கி, இந்த ஊர் காசாக அடித்தாக வேண்டும். அதற்கு நவாபின் அனுமதி தேவை. அந்த அனுமதியைப் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் 1736-ஆம் வருஷத்தில் வாங்கினார்கள். சென்னையில் இருந்த இங்கிலீஷ்காரர்களுக்கு 1742-இல்தான் கிடைத்தது. இரண்டு காசிலும் பொறித்திருந்த பெயர் ஆர்க்காடுதான். பிறை போட்டிருந்தால் புதுச்சேரி அடித்தது; தாமரை போட்டிருந்தால் சென்னை அடித்தது. ஷராப்புக்காரர்கள் இந்தச் சின்னங்களைப் பார்த்து, உரைத்துப் பார்த்து, எடை போட்டு, "வட்டம்" பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுப்பார்கள்.

காசு அடிக்கும் உரிமைக்காகப் போட்டி போட்டவர்கள் பிறகு ராஜ்யத்துக்காகவே போட்டி போட்டார்கள். 1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஆம்பூர்க் கணவாயில் ஒரு சண்டை நடந்தது. சந்தா சாகிபும் முஸாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையைத் துணை சேர்த்துக்கொண்டு வந்து மோதினார்கள். நவாப் அன்வாருத்தீன் அங்கேயே மாண்டு போனார். இரண்டே வருஷத்தில் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றான். 1801-இல் நவாபின் ராஜ்யம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆனால் காசின் முகம் மட்டும் மாறவில்லை. 1759-இல் கொலையுண்டு போன மொகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும், ஹிஜ்ரி 1172 என்ற அதே வருஷத்தையும் போட்டு, கம்பெனியார் பல பத்தாண்டுகளுக்கு ஆர்க்காட்டு ரூபாயை அடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா செத்துப் போகலாம், நவாப் செத்துப் போகலாம், காசு சாகக்கூடாது! ஜனங்களின் நம்பிக்கை எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

1818-இல் சென்னை ராஜதானியில் வராகனைப் பின்னுக்குத் தள்ளி ரூபாயே முக்கியமான நாணயம் என்று கம்பெனியார் அறிவித்தார்கள். அந்த ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி, பாக்கி பதினைந்து கலப்பு. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது நூற்றுக்கு 91.67. இதே எடையையும் தரத்தையும்தான் 1835-ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொதுவாக ஆக்கிற்று. 180 கிரெயின் என்பது இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதுவே ஒரு தோலாவும் ஆயிற்று. "ஒரு ரூபாய் எடை" என்று நம் பாட்டிமார்கள் மருந்துச் சரக்கு நிறுத்தார்களே, அது இந்த ரூபாய்தான். தராசுத் தட்டில் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயை வைக்கலாம். மூன்று ரூபாய் வைத்தால் ஒரு பலம்.

காசே எடைக்கல்லாக இருந்த காலத்தில் நகை செய்வதும் எளிதாயிற்று. குடியானவன் கடலைக்காய் விற்ற பணத்தில் இருபது ரூபாயை எடுத்துப் பத்தரிடம் கொடுப்பான். அவர் அதைக் குகையில் போட்டு உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாகப் பொடி வைத்து ஊதிக் கொலுசாக்கித் தருவார். கூலி தனி. எத்தனை ரூபாய் போட்டோம் என்பது வீட்டுக்குத் தெரியும். ரூபாய்க்குள் எவ்வளவு வெள்ளி என்பது ராஜாங்கத்துக்குத் தெரியும். கொலுசு, தண்டை, காப்பு, மெட்டி, அரைஞாண், குழந்தைக்குப் பாலாடை எல்லாம் இப்படித்தான் வந்தன. பாங்கும் தபாலாபீஸ் சேமிப்பும் எட்டிப் பார்க்காத கிராமத்தில் பெண்ணின் கணுக்கால்தான் பெட்டகம்.

இதைத்தான் சீமையிலும் செய்தார்கள் என்றால் ஆச்சரியமாக இருக்கும். இன்று நகைக் கடைகளில் "925" என்று குட்டியாக முத்திரை போட்டு "ஸ்டெர்லிங் சில்வர்" என்று விற்கிறார்களே, அதன் சரித்திரமும் நாணயத்தின் சரித்திரந்தான். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. பாக்கி 75 பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது. அதில் கொலுசு செய்தால் நாலு நாளில் நெளிந்து போகும். கொஞ்சம் செம்பு சேர்ந்தால்தான் விறைப்பு வரும். இங்கிலாந்தின் வெள்ளிக் காசுக்கு இந்தக் கலவைதான் பல நூற்றாண்டு வழக்கம். 1300-ஆம் வருஷத்தில் முதலாம் எட்வர்டு ராஜா, வெள்ளிச் சாமானும் காசின் தரத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம் செய்து, சிறுத்தைத் தலை முத்திரை போடச் சொன்னான். பிறகு 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே கொண்டுவந்து சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆயிற்று. மண்டபத்தில் போட்ட முத்திரை என்பதால்தான் அதற்கு "ஹால்மார்க்" என்று பெயர். அங்கேயும் ஜனங்கள் காசை உருக்கித் தட்டும் கிண்ணமும் செய்துகொண்டார்கள். காசு குறைந்து போகிறதே என்று பயந்து, 1697-இல் வெள்ளிச் சாமானின் தரத்தைக் காசின் தரத்துக்கு மேலே, ஆயிரத்துக்கு 958 என்று உயர்த்தினார்கள். காசை உருக்கினால் சாமான் தரத்துக்கு எட்டாது, உருக்கமாட்டார்கள் என்று கணக்கு. 1720-இல் பழைய தரத்தையும் மறுபடி அனுமதித்துவிட்டார்கள்.

"ஸ்டெர்லிங்" என்ற சொல் எப்படி வந்தது என்பதற்குப் பண்டிதர்கள் இரண்டு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். அதில் ஒன்று எனக்குப் பிடித்தமானது: பழைய நார்மன் காசு ஒன்றில் சின்ன நட்சத்திரம் இருந்ததாம், "குட்டி நட்சத்திரம்" என்ற பொருளில் அந்தச் சொல் பிறந்ததாம். தமிழில் வெள்ளி என்றால் உலோகமும்தான், வானத்து மீனும்தான். எங்கேயோ இருக்கிற இரண்டு ஜாதியாருக்கு ஒரே மாதிரி தோன்றியிருந்தால் அழகுதானே? நம் பழைய ரூபாயின் 91.67-க்கும் ஸ்டெர்லிங்கின் 92.5-க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ரூபாயை உருக்கிச் செய்த பாட்டியின் தண்டையும், லண்டன் சீமாட்டியின் வெள்ளிக் கிண்ணமும் ஏறக்குறைய ஒரே சரக்கு.

இந்த நம்பிக்கைக்கு எப்போது சோதனை வந்தது?

தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்படாத தமிழர் இருக்கமாட்டார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய அந்தப் பஞ்சம் வட ஆர்க்காட்டு ஜில்லாவையும் விடவில்லை. வீட்டில் தானியம் தீர்ந்தது; மாடு செத்தது; கடைசியில் காலில் இருந்ததைக் கழற்றினார்கள். பம்பாய் நாணயச்சாலைக்கு அந்த வருஷங்களில் வெள்ளி நகை ஏராளமாக வந்து உருகிக் காசாயிற்று. அப்போது இருந்த சட்டம் என்னவென்றால், வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் சர்க்கார் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு ரூபாயாக அடித்துக் கொடுத்துவிடும். நடுவில் இருக்கும் வியாபாரிகள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தோலா வெள்ளிக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் என்ற அஸ்திவாரம் ஆடவில்லை. ரூபாயாக வந்து கொலுசான வெள்ளி, திரும்பவும் ரூபாயாகிச் சோளமாயிற்று.

பிறகு 1893 ஜூன் மாதத்தில் சர்க்கார் அந்தக் கதவை மூடிவிட்டது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போயிற்று. லண்டனுக்குப் பவுனில் பணம் அனுப்ப வேண்டியிருந்த இந்திய சர்க்காருக்கு அது பெரிய தலைவலி. ஆகவே பொதுஜனங்களின் வெள்ளியை வாங்கி ரூபாய் அடிப்பதை நிறுத்தி, ரூபாயைச் செயற்கையாக ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், அதாவது பதினாறு பென்ஸ் விலையில் நிறுத்தினார்கள். அந்த நூற்றாண்டு முடியும்போது ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் சந்தை விலை சுமார் பத்துப் பென்ஸ்தான். இதை அணாக் கணக்கில் சொல்லவேண்டுமானால், பதினாறணா ரூபாயைக் கொடுத்துச் செய்துகொண்ட கொலுசு பத்தணா ஆகிவிட்டது. கொலுசு தேயவில்லை, கலப்படமாகவில்லை, கறுக்கக்கூட இல்லை. எங்கோ சிம்லாவில் ஒரு சட்டம் மாறிற்று, ஆம்பூர்ப் பெண்ணின் பெட்டகத்தில் ஆறணா காணாமல் போயிற்று. திருடன் வந்திருந்தால் ஊர் கூடிக் கூக்குரல் போட்டிருக்கும்.

அதற்கப்புறம் நடந்தது ஒரு விசித்திரம். முதல் உலக யுத்தத்தில் வெள்ளி விலை எதிர்ப்பக்கமாக ஏறி, ரூபாயின் முகவிலையையே தாண்டிற்று. ரூபாயை உருக்கினால் லாபம்! சர்க்கார் உருக்கக்கூடாது என்று தடை போட்டது. 1917 நவம்பரில் முதல் தடவையாக ஒரு ரூபாய்க் காகித நோட்டு வெளிவந்தது. 1918-இல் அமெரிக்கா தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு வெள்ளி அனுப்பிற்று. இரண்டாம் யுத்தத்தின்போது, 1940-இல், ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள்: நூற்றுக்கு 50 வெள்ளி, 40 செம்பு, பாக்கி நிக்கலும் துத்தநாகமும். விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாய்களை 1941-லிருந்து செல்லாக் காசாக்கித் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? திருப்பிக் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். மற்றவர்கள் பத்தரிடம் போனார்கள். 1947-இல் வந்த ரூபாய் சுத்த நிக்கல். அதில் பேருக்குக்கூட வெள்ளி இல்லை. சீமையிலும் இதே கதைதான். 1920-இல் ஸ்டெர்லிங் காசைப் பாதி வெள்ளியாக்கி, 1947-இல் வெள்ளியையே எடுத்துவிட்டார்கள். அங்கே ஹால்மார்க் சட்டம் நின்றது. காசு கைவிட்ட தரத்தை நகை காப்பாற்றிற்று. இங்கே அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லை. காசிலிருந்து வெள்ளி போனதும் வெள்ளிக்கு ஜாமீன் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று.

அந்த இடைவெளியில் என்னவெல்லாம் புகுந்தது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நூற்றுக்கு எண்பது வெள்ளியும் கொலுசுதான், அறுபது வெள்ளியும் கொலுசுதான். துளி வெள்ளியும் இல்லாமல் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த சரக்குக்கு "ஜெர்மன் சில்வர்" என்று பெயர். புதிதாக இருக்கும்போது எல்லாம் ஒரே பளபளப்பு.

சில வருஷங்களுக்கு முன்பு ஆம்பூரில் ஒரு சிநேகிதர் வீட்டில் நான்கைந்து நாள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். மகளின் காலேஜ் சம்பளத்துக்காகத் தன் பாட்டி வழியில் வந்த ஒரு ஜோடிக் கொலுசை அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படிக் கறுத்திருக்கே, வெள்ளியே இல்லைம்மா இது. ஏதோ போனால் போகிறது என்று தருகிறேன்" என்று கால் விலை சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் திரும்பி வந்து, "எங்க ஆயா ஏமாந்துட்டாங்க அண்ணா" என்று என் சிநேகிதரிடம் சொன்னபோது குரல் கம்மிற்று. பணம் போனதைவிட, பாட்டி ஏமாந்து போனாள் என்பதுதான் அவரை அதிகமாக வருத்தியது.

சிநேகிதர் எங்களை ஒரு வயதான பத்தரிடம் அழைத்துப் போனார். பத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கொலுசின் உள்பக்கத்தில் அரத்தால் மெல்ல ஓர் இழுப்பு இழுத்து, உரைகல்லில் தேய்த்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாரும்மா சொன்னது வெள்ளி இல்லேன்னு? ராஜா தலை ரூபாயை உருக்கிப் பண்ணினது இது. கறுக்காம என்ன செய்யும்? உங்க ஊர்க் காத்துல கறுக்காம இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன்."

இந்தப் பதிலில் முக்கால் பங்கு ரஸாயன சாஸ்திரம் இருக்கிறது. மீதிக் கால் பங்குக்கு ஒரு திருத்தம் வேண்டும்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளி காற்றில் இருக்கும் பிராணவாயுவால் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. அதற்குப் பகை கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற வாயு துளித்துளியாக இருந்தாலும், ஈரமும் சேர்ந்துவிட்டால், வெள்ளியின் மேல்தோல் வெள்ளி ஸல்பைடாக மாறுகிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. அழுகிய முட்டையின் நாற்றம் அந்த வாயுவின் நாற்றம்தான். தோல் பதனிடும் ஊர்களில் அது எங்கிருந்து வருகிறது? தோலில் இருக்கும் மயிரைக் கழற்றுவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் ஸல்பைடைச் சேர்த்து ஊறவைக்கிறார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தாலும், அது தேங்கிக் குழியில் அழுகினாலும் ஹைட்ரஜன் ஸல்பைடு கிளம்புகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட காலம் போய், குரோமியத் தொழில் பெருகிய பிறகு பாலாறு என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் வழக்குத் தொடுத்து, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அசுத்தம் செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில்தான் நிலைநாட்டினார்கள். அதன் பின்னும், 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டையில் தோல் கழிவைச் சேர்த்துவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்படப் பத்துப் பேர் மாண்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் மூக்குக்குத் தெரியும். அதிகமானால் மோப்ப சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று குழிக்குள் இறங்கியவன் திரும்பி வருவதில்லை. கொலுசின் கறுப்பு அந்த அபாயத்தை அளந்து சொல்லும் கருவி அல்ல. வெங்காயமும் முட்டையும் வியர்வையும்கூட வெள்ளியை நிறம் மாற்றும். ஆனால் ஒரு தெருவில் இருக்கும் எல்லா வீட்டு வெள்ளியும் மாதத்துக்கு ஒரு தடவை கறுக்கிறது என்றால், துலக்க வேண்டியது வெள்ளியை மட்டும்தானா என்று கேட்பதில் தப்பில்லை.

பத்தர் பேச்சுக்குத் திருத்தம் என்றேனே, அது இதுதான். கறுத்தால் வெள்ளி, கறுக்காவிட்டால் போலி என்று முடிவு கட்டிவிட முடியாது. இப்போது கடைகளில் விற்கும் ஸ்டெர்லிங் நகைகள் பலவற்றுக்கு ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தால் மெல்லிய மேல்பூச்சு இருக்கிறது. பூச்சுத் தேயும்வரை அவை கறுப்பதில்லை. செம்பு அதிகம் கலந்த மட்டச் சரக்கும் கறுக்கத்தான் செய்கிறது. ஆகவே நிறத்தைப் பார்த்து வெள்ளியை மதிப்பிடுகிறவர் அடகுக் கடைக்காரராக இருந்தாலும் சரி, அத்தை மாமியாக இருந்தாலும் சரி, அவர் பேச்சை நம்பவேண்டாம். உரைகல்லோ, திராவகமோ, எக்ஸ்ரே யந்திரமோதான் சாட்சி சொல்லலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2005-லிருந்து வெள்ளிக்கு ஹால்மார்க் முத்திரை கொடுத்துவருகிறது. 2025 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் தனி எண் பொறிக்கும் ஏற்பாடும் வெள்ளிக்கு வந்தது. ஆனால் தங்கத்துக்குச் செய்ததுபோல் அதைக் கட்டாயமாக்காமல், விருப்பத்துக்கு விட்டே தொடங்கினார்கள். கேட்டு வாங்குகிறவருக்குக் கிடைக்கும். கேட்காதவருக்குப் பளபளப்புத்தான் மிச்சம். ரசீதில் எடையோடு தரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் காப்பி கொடுத்தாலும் குடிக்காமல் வந்துவிடுங்கள்.

இனிக் கறுத்த வெள்ளியை என்ன செய்வது என்று பார்ப்போம். நம் வீடுகளில் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். புளி போட்டுத் தேய்ப்பார்கள். பல்பொடி போட்டும் தேய்ப்பார்கள். பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் தேய்த்த துணியில் ஒட்டியிருக்கும் கறுப்பு என்ன என்று யோசித்ததுண்டா? வெள்ளி ஸல்பைடில் எடைக்கு நூற்றுக்கு 87 பங்கு வெள்ளியேதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்துவிளக்கோடு சேர்த்துக் கொலுசையும் அழுத்தித் தேய்க்கிற அம்மாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சொத்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வருஷம் தேய்த்த பாட்டியின் சந்தனக் கிண்ணத்தில் சித்திர வேலை மழுங்கிப் போயிருப்பதற்குக் காரணம் அதுதான்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எவர்ஸில்வர் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன்மேல் படும்படி வைத்து, கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி ஆப்பசோடா போடுங்கள். சில நிமிஷங்களில் கறுப்பு மறையும்; லேசாக முட்டை நாற்றம் வரும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தை அலுமினியம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வெள்ளி வெள்ளியாகவே நகையில் தங்கிவிடுகிறது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிப் பருத்தித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கல், முத்து, பவளம் பதித்ததையும், உள்ளே அரக்கு நிரப்பியதையும், வேலைப்பாடு தெரிவதற்காக வேண்டுமென்றே கறுப்பேற்றியதையும் இப்படிச் செய்யக்கூடாது. அவற்றுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்துப் பிழிந்த துணியே போதும். சாதாரண அழுக்குக்குப் பத்தர்கள் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரையும் மிருதுவான பிரஷையும் பயன்படுத்துவார்கள். வெள்ளியைப் பிளீச்சிங் பவுடர்த் தண்ணீரில் மட்டும் படவிடாதீர்கள்.

எடுத்துவைக்கும்போது ரப்பர் வளையம் போட்டுக் கட்டவேண்டாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. கம்பளித் துணியும் வேண்டாம். நன்றாக உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஈரத்தை உறிஞ்ச ஒரு சாக்குக்கட்டியையும் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றிலும் சுலபமான வழி, எடுத்துப் போட்டுக்கொள்வதுதான். நாள்தோறும் காலில் உரசிக்கொண்டிருக்கும் கொலுசு அவ்வளவு சுலபமாகக் கறுப்பதில்லை.

ஆம்பூர் அம்மாள் கொலுசை அன்று விற்கவில்லை. பத்தர் ஒரு சீட்டில் எடையும் தரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டி வேறொரு கடையில் நியாயமான தொகைக்கு வைத்து, மகளுக்குச் சம்பளம் கட்டினார். தாது வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு ராஜாங்கத்தின் நாணயச்சாலை கொடுத்த ஜாமீனை இந்தக் காலத்தில் ஒரு கிழவரின் கையெழுத்து கொடுத்தது. எல்லாத் தெருவிலும் அப்படி ஒரு பத்தர் இருக்கமாட்டார். அதனால்தான் கொலுசில் முத்திரையும், ரசீதில் தரமும் வேண்டும் என்று இவ்வளவு தூரம் சொன்னேன்.